வந்தவர்கள் 41, சாப்பிட்டவர்கள் 38

காலை வழிபாடு முடிந்து, வருகைப் பதிவு எடுத்து முடிக்கிற நேரத்தில் எங்கள் வகுப்பறை ஜன்னலில் ஒரு முகம் வந்து நிற்கும். "இன்றைக்கு எத்தனை பேர் டீச்சர்?" சமையல் அக்காவின் கேள்வி அது. நாங்கள் சொல்லும் எண்ணை வைத்துத்தான் அரிசி அளப்பார்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு நூறு கிராம். நாற்பத்தொரு பேர் என்றால் நான்கு கிலோ நூறு கிராம்.

சாத்தூர் பக்கம் ஒரு கரிசல் கிராமத்து ஈராசிரியர் பள்ளி எங்களுடையது. 2009இல் தலைமையாசிரியராக அங்கே வந்தேன். ஏழு ஆண்டுகளாக அந்தக் கேள்விக்கு ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிடுவேன். 2016 ஜூலையில் ஒரு மாலை, ஏதோ படிவம் நிரப்புவதற்காக இரண்டு பதிவேடுகளையும் அருகருகே விரித்து வைத்தேன். வருகைப் பதிவேட்டில் 41. சத்துணவுப் பதிவேட்டில் 38. முந்தின நாளைப் புரட்டினேன், அங்கேயும் மூன்று குறைந்தது. போன வாரமும் அப்படித்தான். அமைப்பாளரைக் கேட்டேன். "அந்த மூன்று பேரும் எப்போதும் சாப்பிட மாட்டார்கள் டீச்சர்" என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. சாப்பிடாத பிள்ளைக்குச் சோறு வடித்தால் வீணாகும். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காரணம், நான் அந்தச் சோற்றில் வளர்ந்தவள்.

1982 ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆர். அரசின் சத்துணவுத் திட்டம் கிராமங்களில் தொடங்கியபோது நான் மூன்றாம் வகுப்பு. அம்மா தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கப் போவார். விடியுமுன்பே வேன் வந்துவிடும். என்னைவிட இரண்டு வயது மூத்த பிள்ளைகளும் அதே வேனில் தூக்கக் கலக்கத்தோடு ஏறிப் போவார்கள். எனக்கும் அடுத்த வருடம் அந்த வேனில் இடம் பேசி வைத்திருந்தார்கள். கம்பங்கூழும் நீராகாரமும்தான் எங்கள் வீட்டுச் சாப்பாடு. நெல்லுச்சோறு தீபாவளிக்கும் கோயில் கொடைக்கும். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளையின் தட்டில் தினமும் நடுப்பகலில் ஆவி பறக்க நெல்லுச்சோறும் பருப்பும் விழுந்தது. அலுமினியத் தட்டு. களவு போகாமல் இருக்க அதன் விளிம்பில் ஆணியால் புள்ளி புள்ளியாக என் பெயரைக் குத்திக் கொடுத்திருந்தார் அப்பா. சூடு தாங்காமல் பாவாடை நுனியால் தட்டைப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கு நடந்தது இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது. "பள்ளிக்கூடத்தில் ஒரு வேளை வயிறு நிறைகிறது, இருக்கட்டும்" என்று அம்மா வேன்காரரிடம் சொல்லி அனுப்பிவிட்டார். நான் டீச்சரான கதையின் தொடக்கம் அந்த ஒரு வாக்கியம்தான்.

அப்பாவும் இந்தச் சோறு அறிந்தவர். காமராஜர் 1956இல் மதிய உணவைத் தொடங்கிவைத்த எட்டயபுரம் எங்களுக்குப் பக்கம். ஊரார் கொடுக்கும் தானியத்தில் நடந்த சாப்பாடு அது என்றும், அறுவடை பொய்த்த வருடம் கஞ்சி தண்ணீராகிவிடும் என்றும் சொல்வார். அதற்கும் முன்னால் 1920இல், பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளி ஒன்றில் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கத் தொடங்கி, சில ஆண்டுகளில் அது நின்றும் போனது. தானமாக நடந்த வரை இந்தச் சாப்பாடு வருவதும் நிற்பதுமாகத்தான் இருந்தது. அரசு தன் வரவு செலவுக் கணக்கில் எழுதிக்கொண்ட பிறகுதான் தினமும் அடுப்பு எரிந்தது. நான் பத்தாம் வகுப்புக்கு வந்த 1989இல் கலைஞர் ஆட்சியில் முட்டை வந்தது, இரண்டு வாரத்துக்கு ஒன்று. அந்த நாளை வீட்டில் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருப்போம். 2010இலிருந்து வாரத்துக்கு ஐந்து.

இப்படி வந்த சோறு அடுப்பில் வெந்துகொண்டிருக்க, என் பள்ளியிலேயே மூன்று பிள்ளைகள் அதைத் தொடாமல் இருந்திருக்கிறார்கள். பெயர்களை எழுதிக்கொண்டு ஒவ்வொருவராகப் பார்க்கத் தொடங்கினேன்.

முதலாவது ஐந்தாம் வகுப்புச் சிறுமி. மதிய மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடுவாள். வீட்டில் சாப்பிடுகிறாள் என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஒரு நாள் பின்னாலேயே போனேன். திண்ணையில் இரண்டரை வயதுத் தம்பி. பக்கத்து வீட்டுப் பாட்டியிடமிருந்து அவனை வாங்கி, தூக்குவாளியில் இருந்த காலைச் சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். மிச்சம் இருந்தால் அவளுக்கு. அன்று மிச்சம் இல்லை. அங்கன்வாடி மூன்று தெரு தள்ளி இருந்தது, தம்பியைச் சேர்க்கவில்லை. "இன்னும் பேச்சு வரவில்லை, சேர்க்க மாட்டார்கள்" என்று அவளுடைய அம்மா நினைத்திருந்தார். இரண்டு வயது நிரம்பினால் போதும், அங்கே மதிய உணவு உண்டு என்று சொல்லி, அந்த வாரமே சேர்த்தோம். அடுத்த திங்களிலிருந்து சிறுமி எங்கள் பந்தியில் இருந்தாள். மதியம் சாப்பிடாத பெண்பிள்ளை இருந்தால், அவள் யாருக்குச் சோறு ஊட்டப் போகிறாள் என்று முதலில் விசாரியுங்கள்.

இரண்டாவது, எழுதுவதற்குக் கசப்பானது. எங்கள் சமையல் அக்கா என்ன சாதி என்பதற்காக, அவர் கை பட்ட சோற்றைச் சாப்பிடக் கூடாது என்று ஒரு வீட்டில் பையனுக்குச் சொல்லியிருந்தார்கள். சமையலரை மாற்றச் சொல்லி அவனுடைய அப்பா இரண்டு பேரோடு வந்தார். "மாற்ற மாட்டோம். தீண்டாமை சட்டப்படி குற்றம், இந்தப் பேச்சு இந்த வாசலோடு நிற்கட்டும்" என்றேன். கை நடுங்கியது, குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டேன். அன்றிலிருந்து நானும் சக ஆசிரியரும் பிள்ளைகளின் வரிசையில் தரையில் உட்கார்ந்து, அக்கா பரிமாற, அதே சோற்றைச் சாப்பிட்டோம். பையனை ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை. அவனை அப்பாவுக்கும் பள்ளிக்கும் நடுவில் இழுபடும் கயிறாக்க எனக்கு மனம் இல்லை. அவன் கொண்டுவரும் டப்பாவோடு எங்கள் வரிசையிலேயே உட்காரச் சொன்னேன், தனியாக அல்ல. பல வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, கொண்டைக்கடலை புலாவ் வாசனை வந்த நாளில், தட்டை எடுத்துவந்து வரிசையில் நின்றான். அக்கா எல்லாருக்கும் வைப்பதுபோலவே அவனுக்கும் வைத்தார். அப்பா கடைசிவரை மாறவில்லை. மகன் வளர்ந்து யார் கையில் வேண்டுமானாலும் சாப்பிடுவான் என்று நம்புகிறேன்.

மூன்றாவது பையனைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். நான்காம் வகுப்பு. அந்த ஜூன் மாதம் வேறொரு பள்ளியிலிருந்து வந்து சேர்ந்தவன். பாட்டி வீட்டில் இருந்தான். மணி அடித்ததும் குழாயடிக்குப் போய் வயிறு நிறையத் தண்ணீர் குடிப்பான், பிறகு புங்கமரத்தடியில் குச்சியால் தரையைக் கீறிக்கொண்டிருப்பான். கேட்டால் "பசிக்கவில்லை டீச்சர்". பசிக்காத பிள்ளை அவ்வளவு தண்ணீர் குடிக்காது. காலையில் பதினொரு மணி வாக்கில் வயிற்று வலி என்று மேசையில் தலை சாய்ப்பான். நானும் இரண்டு தடவை ஓம வாட்டர் கொடுத்திருக்கிறேன். அது வலி அல்ல, வெறும் வயிறு என்பது இருபது வருடம் பாடம் நடத்தியும் எனக்கு உறைக்கவில்லை. இன்னொன்றையும் கவனித்தேன், பல்பம் தின்பான். சிலேட்டில் எழுதத் தரும் பல்பம் அரை நாளில் காணாமல் போகும். மண், பல்பம், சாக்பீஸ் தின்னும் பிள்ளைகளுக்கு இரத்தசோகை இருக்க வாய்ப்பு அதிகம். அதட்டுவதில் பயன் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனோம், இரும்புச்சத்து மருந்து கொடுத்தார்கள்.

ஆனால் சாப்பிட மட்டும் வரவில்லை. மரத்தடிக்கு என் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவன் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தேன். ஒன்றும் கேட்பதில்லை. பதிலாக அவனுக்கு ஒரு வேலை கொடுத்தேன். காலையில் தலை எண்ணி, ஜன்னலில் நிற்கும் அக்காவிடம் எண்ணைச் சொல்வது இனி அவன் பொறுப்பு. முதல் நாள் "நாற்பது" என்றான். எண்ணிப் பார்த்தேன். தன்னை விட்டுவிட்டு எண்ணியிருந்தான்.

ஒரு வாரம் கழித்துத்தான் வாய் திறந்தான். முன்பு படித்த இடத்தில் ஒரு நாள் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டிருக்கிறான். பரிமாறியவர் எல்லார் முன்னாலும், "உன் வீட்டில் அடுப்பே எரியாதா?" என்றிருக்கிறார். பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். உண்மையிலேயே அன்று அவன் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவன் பள்ளிச் சோற்றைத் தொடவே இல்லை.

அன்று மாலை அமைப்பாளரும் அக்காவும் உதவியாளரும் நாங்கள் இரண்டு ஆசிரியர்களும் உட்கார்ந்து பேசினோம். "யாருக்கு இன்னும் வேண்டும்?" என்று எங்கள் பந்தியில் இனி யாரும் கேட்பதில்லை என்று முடிவெடுத்தோம். அந்தக் கேள்விக்குக் கை தூக்குவது, தன் வீட்டு வறுமையை ஊருக்கு அறிவிப்பது மாதிரி. இரண்டாம் முறை அக்கா பாத்திரத்தோடு எல்லா வரிசையிலும் தானாகவே நடப்பார். வேண்டாத பிள்ளை தட்டின்மேல் கையை விரித்து மறைக்க வேண்டும், அவ்வளவுதான். வேண்டும் என்று சொல்வதைவிட வேண்டாம் என்று சொல்வது பிள்ளைக்கு எளிது. இந்தச் சின்ன மாற்றத்துக்கு ஒரு பைசா செலவில்லை. அடுத்த மாதக் கணக்கில் மிச்சச் சோறு கொட்டுவது ஏறக்குறைய நின்றே போயிருந்தது.

அது ஒரு வெள்ளிக்கிழமை. கறிவேப்பிலை சாதம், முட்டை, மிளகாய்ப்பொடி தூவி வறுத்த உருளைக்கிழங்கு. அக்கா மரத்தடிவரை வந்து எனக்குப் பரிமாறிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இன்னொரு தட்டை அவன் முன் வைத்து அதிலும் பரிமாறிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். நானும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். ஓரக்கண்ணில் தெரிந்தது. முதலில் கிழங்குத் துண்டு ஒன்றை எடுத்தான், சோற்றுக்குள் புதைத்தான், பிறகு சோற்றோடு சேர்த்து எடுத்து வாயில் வைத்தான். மென்று முடிக்க வெகுநேரம் ஆனது. முட்டையைக் கடைசிவரை தொடவில்லை, தட்டு காலியான பிறகு இரண்டே வாயில் தின்றான். திங்கட்கிழமை ஜன்னலில் "நாற்பத்தொன்று" என்றான்.

பசித்த பிள்ளை பசிக்கிறது என்று சொல்லாது. சேட்டை செய்யும், அடுத்தவன் ரப்பரைப் பிடுங்கும், கொட்டாவி விடும், சட்டைக் காலரைக் கடிக்கும், கழித்தல் கணக்கில் கடனை மறக்கும். அதிலும் திங்கட்கிழமைகள் வேறு மாதிரி. சனி, ஞாயிறு பள்ளிச் சாப்பாடு இல்லாமல் வருவார்கள், காலை வழிபாட்டில் மயங்கி விழுவது பெரும்பாலும் அன்றுதான். வெயில் என்று நிழலில் படுக்கவைப்போம். சில வருடம் கழித்துத் திங்கட்கிழமைக் கணக்குப் பாடத்தையே மதியத்துக்கு மாற்றிவிட்டு, காலையில் கதையும் பாட்டும் வைத்துக்கொண்டேன். சுமாராகப் படிக்கிறார்கள் என்று நான் முத்திரை குத்தியிருந்த சிலர் மதியத்தில் சரியாகக் கணக்குப் போட்டார்கள். எத்தனை பிள்ளைகளை வெறும் வயிற்றோடு தேர்வு எழுதவைத்து மட்டம் தட்டியிருக்கிறேனோ என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. எங்கள் பள்ளிக்கு வந்தது 2023 ஆகஸ்ட் 25ஆம் தேதி, அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் விரிவாக்கியபோது. சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த ஒரு தாய் விடிகாலையில் வந்து சமைக்கிறார், அவருடைய மகளும் எங்கள் மாணவிதான். ரவா உப்புமாவோ கிச்சடியோ வெண்பொங்கலோ, கூடவே சாம்பார். முதல் மாதத்திலேயே பார்த்தேன், தாமதமாக வருகிறவர்கள் என்று ஒரு கூட்டமே இல்லாமல் போயிற்று. தீப்பெட்டி வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் அவசரமாகக் கிளம்பும் தாய்மார்கள் பிள்ளையைக் கேட்டிலேயே விட்டுவிட்டு நிம்மதியாகப் போகிறார்கள். திங்கட்கிழமைக் கணக்கு மறுபடியும் காலைக்கே வந்துவிட்டது.

பள்ளியில் புதிதாகப் பொறுப்புக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு இன்னும் சில சொல்ல வேண்டும். முட்டையை வேகவைக்குமுன் அகலமான பாத்திரத்துத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், மிதப்பதை ஒதுக்கிவிடுங்கள். முருங்கைக்கீரையைத் தனியாக வைத்தால் பிள்ளைகள் ஒதுக்குவார்கள், பொடியாக நறுக்கிப் பருப்போடு கடைந்துவிட்டால் போய்விடும். கறிவேப்பிலையை வறுத்துப் பொடித்துச் சேர்த்தால் பொறுக்கி வைக்க ஒன்றும் இருக்காது. குழாயடியில் சோப்பை வைத்தால் காக்கை தூக்கிப் போகும், வெங்காயம் வரும் வலைப்பையில் போட்டுக் கட்டித் தொங்கவிடுங்கள், பையோடு தேய்த்துக் கழுவட்டும். வீட்டுப்பாடம் எழுதாததற்கும் சண்டை போட்டதற்கும் சோற்றைத் தள்ளிப்போடுவது, முட்டையை நிறுத்துவது போன்ற தண்டனைகள் ஒருநாளும் வேண்டாம்.

சமையலறை விஷயத்தில் மட்டும் எனக்குப் பொறுமை கிடையாது. 2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் கீற்றுக்கொட்டகைச் சமையலறையில் பற்றிய தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. 2013இல் அதே ஜூலை 16ஆம் தேதி, பீகாரின் சாப்ரா பக்கத்துப் பள்ளி ஒன்றில் பூச்சிமருந்து கலந்த எண்ணெயில் சமைத்த மதிய உணவைத் தின்று 23 பிள்ளைகள் இறந்தார்கள். ஆண்டுதோறும் அந்தத் தேதியில் நானே சமையலறைக்குள் போய் ஒவ்வொரு டப்பாவையும் திறந்து பார்க்கிறேன். உரம், மருந்து இருந்த கேன் எதுவும், எத்தனை தடவை கழுவினாலும், அந்த வாசற்படியைத் தாண்டக் கூடாது. காஸ் குழாய், வால்வு, ஜன்னல் திறக்கிறதா என்று பார்ப்பது அதே நாளில். பிள்ளைகள் உட்காருமுன் பெரியவர் ஒருவர் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்திருக்க வேண்டும். ஒரு வாய் ருசி பார்த்துக் கையெழுத்துப் போடுவதைச் சொல்லவில்லை, தட்டில் போட்டுச் சாப்பிடுவதைச் சொல்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர்களும் முறை வைத்து வந்து சாப்பிட்டுப் பாருங்கள்.

சிறுவயதில் பள்ளி மதிய உணவு கிடைத்த பெண்களுக்குப் பின்னாளில் பிறந்த குழந்தைகள் வளர்ச்சி குன்றாமல் கூடுதல் உயரத்தோடு இருப்பதை 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. படித்துவிட்டு என் மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கவைத்தேன். என்னைவிட நான்கு விரல் உயரம். பெயர் குத்திய அந்த அலுமினியத் தட்டு என் அம்மா வீட்டுப் பரணில் இருக்கிறது, அடுத்த முறை போகும்போது எடுத்துவர வேண்டும்.

போன வாரம் செங்கல் சூளைக்கு வேலைக்கு வந்த குடும்பத்திலிருந்து ஒரு சிறுமியைப் பாட்டி கையைப் பிடித்து அழைத்துவந்தார். மாற்றுச் சான்றிதழ் இல்லை, ஆதார் எங்கேயோ இருக்கிறதாம், பிறந்த தேதி மழைக்காலம் என்பதுவரைதான் தெரியும். பிள்ளையைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்தேன். பெஞ்சின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தது. ஜன்னலில் அக்கா வந்து நின்றார்.

"இன்றைக்கு எத்தனை பேர் டீச்சர்?"

தலையெண்ணும் பொறுப்பில் இப்போது இருக்கும் மூன்றாம் வகுப்புச் சிறுமி எழுந்து, "இருபத்தொன்பது" என்றாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். "புதுப் பிள்ளைக்கு இன்னும் பெயர் எழுதவில்லையே டீச்சர், சேர்க்கலாமா?"

"முப்பது" என்றேன். அக்கா இன்னொரு நூறு கிராம் அளக்கப் போனார்.